ஆஸ்பிரின் நச்சேற்றமும் செயற்கைச் சிறுநீரகமும்

செயற்கைச் சிறுநீரகம் என்றதும் சிறுநீரகம் செயலிழந்த நோயாளியே நம் நினைவுக்கு வருவார். ஆனால் அளவுமீறி உட்கொண்ட மருந்தைக் குருதியிலிருந்து நீக்கும் முயற்சிக்கும் அக்கருவியின் வரலாற்றில் பெரிய இடம் உண்டு.

1913-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ஜேக்கப் ஏபல், ரௌன்ட்ரீ, டர்னர் ஆகியோர் உயிருள்ள விலங்கின் குருதியைக் கொலோடியன் குழாய்கள் வழியே செலுத்தி, மீண்டும் உடலுக்குள் அனுப்பினர். குருதி உறையாதிருக்க, அட்டைகளிலிருந்து பெற்ற ஹிருடின் உதவியது. விலங்கிற்குச் செலுத்தியிருந்த சாலிசிலேட், குழாய்ச் சுவரைக் கடந்து வெளியிலிருந்த உப்புநீரில் கலந்தது. ஆஸ்பிரின் உடலுக்குள் சாலிசிலேட்டாகவே மாறுகிறது.

1943-இல் நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப், மனிதருக்கான சுழல் உருளைக் கருவியைப் பயன்படுத்தினார். 1950-களில் ஆஸ்பிரினையும், தூக்க மருந்தான பார்பிட்யூரேட்டையும் அளவுமீறி உட்கொண்டோருக்கு டயாலிசிஸ் செய்யப்பட்டது. 1960-களில் கிரேக்க மருத்துவர் யாட்ஸிடிஸ், குருதியைக் கரி நிரப்பிய கலத்தின் வழியே செலுத்தும் முறையைக் கையாண்டார்.

எல்லா மருந்துகளுக்கும் இம்முறைகள் பயன்படுவதில்லை. வழக்கமான அளவில் சாலிசிலேட்டின் பெரும்பகுதி குருதிப் புரதத்தோடு ஒட்டியிருக்கும். அளவு மிகும்போது புரதத்தில் இடம் போதாமல் தனித்து நிற்கும்; அதனால் சவ்வை எளிதில் கடக்கும். மாறாக, மனச்சோர்வுக்குத் தரப்படும் டிரைசைக்ளிக் வகை மருந்துகள் திசுக்களுக்குள் பரவிவிடுகின்றன. குருதியில் எஞ்சுவது சிறிதளவே என்பதால் டயாலிசிஸ் அங்கு உதவுவதில்லை.

குழந்தைகளுக்கு மற்றொரு தடையும் இருந்தது. 10 கிலோ எடையுள்ள குழந்தையின் மொத்தக் குருதியே ஏறத்தாழ 800 மி.லி. தான். பெரியவர்களுக்கான கருவி நிரம்பவே அதில் பெரும்பங்கு வெளியேறிவிடும். சிறிய வடிகட்டிகளும் குறுகிய குழாய்களும் வந்த பின்னரே இச்சிகிச்சை குழந்தைகளுக்குப் பாதுகாப்பானதாயிற்று.

அக்காலத்தில் இனிப்பூட்டிய ஆஸ்பிரின் மாத்திரைகளை மிட்டாய் என எண்ணி விழுங்கிய குழந்தைகள் பலர். 1967-இல் கனடாவின் குழந்தை மருத்துவர் ஆன்ரி பிரோ, அழுத்தித் திருகினால் மட்டுமே திறக்கும் மூடியை உருவாக்கினார். 1970-இல் அமெரிக்கா நச்சுத் தடுப்புப் பொதியல் சட்டத்தை இயற்றியது. அதன்பின் அங்கு ஆஸ்பிரினால் நேர்ந்த குழந்தை இறப்புகள் பெரிதும் குறைந்தன. கருவி சென்றடைய முடியாத வீடுகளிலும் அந்த மூடி இருந்தது.