வளையும் கருவிகளுக்கான கிரபீன் படலம்

காபன் அணுக்கள் அறுகோண வலையாகப் பிணைந்து, ஓரணுத் தடிப்பில் விரிந்திருக்கும் தாளே கிரபீன் படலம். தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 2.3 சதவீதத்தை மட்டுமே அது உறிஞ்சும், மின்னைக் கடத்தும், வளைத்தால் முறியாது. கைபேசித் தொடுதிரைகளிலும் சூரியக்கலங்களிலும் ஒளி புகும் மின்வாயாக இன்று பெரும்பாலும் இருப்பது இந்தியம் வெள்ளீய ஒட்சைட்டுப் பூச்சு. கண்ணாடியில் அது நன்றாக நிற்கும். பிளாஸ்டிக் தாளில் பூசித் திரும்பத் திரும்ப வளைத்தால் வெடித்துவிடும். இந்தியமும் அரிய உலோகம். வளையும் திரை, உடலில் ஒட்டும் உணரி, சுருட்டக்கூடிய சூரியக்கலம் ஆகியவற்றுக்காக ஆய்வாளர்கள் கிரபீனை நாடியது இதனால்தான்.

மான்செஸ்டரில் அந்திரே கெய்ம், கொன்ஸ்தாந்தின் நொவசியோலொவ் இருவரும் ஒட்டுநாடாவால் காரீயத்திலிருந்து கிரபீனை உரித்தெடுத்துத் தம் முடிவுகளை 2004இல் வெளியிட்டனர். 2010இல் பௌதிகவியல் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. ஆனால் உரித்தெடுத்தவை கண்ணுக்கு எட்டாத சிறு துண்டுகள். திரை அளவுக்குப் படலம் வேண்டுமென்றால் அதை வளர்த்தெடுக்கத்தான் வேண்டும்.

அதற்கு வழி திறந்தது செப்பு. 2009இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஒஸ்டின் வளாகத்தில் ரொட்னி ருவொவின் குழு மெல்லிய செப்புத் தகட்டைக் குவார்ட்சுக் குழாய் உலைக்குள் வைத்து 1000 பாகை செல்சியஸ் வரை சூடாக்கியது. முதலில் ஐதரசன் செப்பின் மேலுள்ள ஒட்சைட்டை நீக்குகிறது. பிறகு மெதேன் பாய்கிறது. சூடான செப்பில் மெதேன் சிதைந்து, ஐதரசன் வெளியேற, காபன் மேற்பரப்பில் தங்கிப் படலமாகிறது. செப்புக்குப் பதில் நிக்கலை வைத்தால், அது காபனைத் தனக்குள் கரைத்துக்கொண்டு, ஆறும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பல அடுக்குகளாக வெளியே தள்ளும். செப்பிலோ காபன் கரைவது மிகச் சொற்பம். ஓரடுக்கு மூடியதும் மெதேனைச் சிதைக்கும் செப்பு மறைந்துபோவதால் வளர்ச்சியும் ஏறக்குறைய தானே நிற்கிறது. இந்தத் தன்னிறுத்தம்தான் முறையின் உயிர். அந்தப் படலங்களின் பரப்பில் 95 சதவீதத்துக்கு மேல் ஓரடுக்காகவே அமைந்தது.

வளர்ப்பதைவிட இடம்மாற்றுவது கடினம். 2010இல் தென் கொரியாவின் சுங்கியுன்குவான் பல்கலைக்கழகமும் சாம்சுங்கும் சேர்ந்து 30 அங்குல மூலைவிட்டப் படலத்தை உருளைகளுக்கிடையே ஓட்டிப் பிளாஸ்டிக்குக்கு மாற்றின. சூடேறினால் பிடி விடும் ஒட்டுத்தாளைக் கிரபீன் மேல் அழுத்தி, அடியிலுள்ள செப்பை இரசாயனக் கரைசலில் கரைத்து, மிஞ்சியதைப் பிளாஸ்டிக் தாளில் ஒற்றினார்கள். ஓரடுக்கின் தாள்தடை சதுரத்துக்கு 125 ஓம் வரை இறங்கியது. நான்கு அடுக்குகளை ஒன்றின்மேல் ஒன்றாக மாற்றி, நைத்திரிக்கமிலத்தால் பதப்படுத்தியபோது 90 சதவீத ஒளி புக, தடை சுமார் 30 ஓமாயிற்று. 2013இல் சோனி ஆய்வாளர்கள் 100 மீற்றர் நீளச் சுருளையே உருவாக்கிக் காட்டினர். ஆயினும் படலத்தின் படிக மணிகள் சந்திக்கும் எல்லைகள், மாற்றும்போது விழும் கிழிசல்கள், கரைந்து வீணாகும் செப்பு ஆகியன இம்முறையின் விலையை உயர்த்தியே வைத்திருக்கின்றன.

இலங்கைக்கு இதில் தனி ஆர்வம் உண்டு. கேகாலை மாவட்டத்துப் போகல, குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹ சுரங்கங்களின் நரம்புக் காரீயம் உலகிலேயே தூய்மையானவற்றுள் ஒன்று. ஹோமாகமவிலுள்ள இலங்கை நனோ தொழினுட்ப நிறுவகத்தோடு இணைந்து சிலோன் கிரபீன் டெக்னொலஜீஸ் அக்காரீயத்திலிருந்து கிரபீன் ஒட்சைட்டும் தாழ்த்திய கிரபீன் ஒட்சைட்டும் தயாரிக்கிறது. றப்பர், பூச்சு, மின்கலம் போன்றவற்றில் கலக்க இவை ஏற்றவை. இவற்றைக் கரைசலாக்கித் தாளில் பூசவும் முடியும். ஆனால் ஒட்சியேற்றம் விட்டுச்சென்ற குறைகளால் அப்பூச்சு செப்பில் வளர்ந்த படலமளவு மின் கடத்தாது. நல்ல காரீயம் இருந்தால் வளையும் திரை தானே வரும் என்று நம்புவது தவறு. திரைக்கான படலத்தின் மூலப்பொருள் மெதேன் வாயு. அதற்கு வேண்டியவை உலையும் வெற்றிடப் பம்பியும் இடம்மாற்றும் கைத்திறனும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இத்துறையின் பயன் சூரியக்கலங்களில் தெரியக்கூடும். சுன்னாகத்தில் எண்ணெயில் ஓடிய மின்நிலையத்தால் நிலத்தடி நீர் மாசடைந்த வழக்கில், 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு விதித்தது. கிணற்றையே நம்பிய சுண்ணக்கல் மண்ணில் மாசற்ற மின்சாரம் குடிநீரோடு பிணைந்த கேள்வி. சுன்னாகத்துக்குத் தெற்கே, திருநெல்வேலியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையில் பேராசிரியர் பு. ரவிராஜன் வழிநடத்தும் ஆய்வு, தைத்தேனியம் ஈரொட்சைட்டோடு பல்பகுதியமும் பிற ஒளியுறிஞ்சிகளும் சேர்ந்த கலங்களைப் பற்றியது. இத்தகைய கலங்களை வழக்கமாகக் கடத்தும் கண்ணாடியில் கட்டுவார்கள். வளையும் தாளுக்கு மாற்ற மின்வாயை மட்டும் கிரபீனாக்கினால் போதாது: தைத்தேனியம் ஈரொட்சைட்டுப் பசையைச் சுட 450 பாகையளவு வெப்பம் வேண்டும், சாதாரணப் பிளாஸ்டிக் தாளோ 150 பாகையைத் தாண்டினாலே நெளியும். நீரை விலக்கும் கிரபீன் மேல் அடுத்த அடுக்கின் கரைசலைச் சீராகப் பரப்புவதும் இலகுவல்ல.