சோழிகள் கணித்த கிரகணம்

1825 மே 31 இரவில் தொடங்கிய சந்திர கிரகணத்தைப் புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் சோழிகளைத் தரையில் பரப்பிக் கணித்துக் காட்டினார். வாய்பாடுகள் அனைத்தும் அவருக்கு மனப்பாடம். தொடக்க நேரத்தில் ஏறத்தாழ 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை. இதைக் ‘காலசங்கலிதம்’ என்ற தம் நூலில் பதிவுசெய்த ஜான் வாரன், கணித்தவருக்கு வானியல் கோட்பாடு எதுவும் தெரியாது என்கிறார். அப்படியானால் அந்தக் கணிதரிடம் இருந்ததை அறிவு என்று கொள்ளலாமா?

கொள்ளலாம் என்பதே என் வாதம். ஆனால் அந்த அறிவு எங்கே குடியிருந்தது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அவர் கையாண்ட வாக்கிய முறையில் அது எண்களில் குடியிருந்தது. சந்திரன் தன் வேகம் மிகக் குறைந்த நிலையிலிருந்து புறப்பட்டு மீண்டும் அதே நிலையை அடைய ஏறத்தாழ 27.55 நாள் ஆகிறது. இத்தகைய ஒன்பது சுற்றுகள் கிட்டத்தட்ட 248 நாள். ஆகவே சந்திரனின் இடத்தைக் குறிக்க, நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்கள் (சிறு சொற்றொடர்கள்). கடபயாதி முறைப்படி அவற்றின் எழுத்துகளே எண்கள். எஞ்சும் சிறு பிழையை 110 சுற்றுகளுக்கான 3031 நாள் வட்டமும், 449 சுற்றுகளுக்கான 12372 நாள் வட்டமும் ஈடுசெய்கின்றன. நாள்களை எண்ணி வகுத்து மீதி காணத் தெரிந்தவருக்குச் சந்திரன் இருக்குமிடம் கிடைத்துவிடும். தலைமுறை தலைமுறையாக வானத்தைக் கூர்ந்து பார்த்தவர்களின் உழைப்பு அந்த எண்களுக்குள் இருக்கிறது.

இம்முறை நன்றாகப் பலித்ததும் உண்டு. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ்க் கணிப்பு 41 வினாடி குறைத்துக் காட்டியது. ஐரோப்பாவில் அன்று மிகச் சிறந்ததாக இருந்த டோபியாஸ் மேயரின் அட்டவணை 68 வினாடி கூட்டிக் காட்டியது. புதுச்சேரியில் இம்முறையைக் கற்ற பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்டி தந்த ஒப்பீடு இது. இதைக் காட்டி நம் முறையே மேல் என்போருண்டு. ஒரு கிரகணம் அதற்குச் சான்றாகாது. கோட்பாட்டின் வேலை தோற்றங்களோடு ஒத்துப்போகும் கணக்கைத் தருவதே என்றார் அறிவியல் மெய்யியலாளர் பியர் துயெம். அந்த அளவுகோலில் வாக்கிய முறை தேறிவிடும். எனக்கு அது போதவில்லை. தொடக்கத்தில் 4 நிமிடமாக இருந்த பிழை முடிவில் 52 ஆனது ஏன்? சோழிகளால் இக்கேள்வியைக் கேட்கவே முடியாது. நிழலின் அளவா, சந்திரனின் வேகமா என்று பிழைக்கு ஓர் இடம் காட்டக் காரணக் கோட்பாடு வேண்டும்.

அந்தக் கோட்பாடு மேற்கிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. கேரளத்துப் பரமேசுவரர் நெடுங்காலம் கிரகணங்களை நேரில் கண்டு, கணக்கோடு ஒப்பிட்டு, 1431இல் ‘திருக்கணிதம்’ இயற்றினார். பழைய எண்களைத் திருத்துவதை அவர் மரபுமீறலாகக் கருதவில்லை. அறிதல் முறைகளைக் கிழக்கு, மேற்கு என்று பிரிப்பதைவிட, வானத்தால் திருத்தப்பட இடங்கொடுப்பவை, கொடாதவை என்று பிரிப்பதே பொருந்தும்.

நம் பஞ்சாங்கங்களையும் இந்த அளவுகோலால்தான் மதிப்பிட வேண்டும். சனி கும்பத்தில் புகுந்த நாள் திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2023 சனவரி 17. வாக்கியப் பஞ்சாங்கப்படி அதே ஆண்டு டிசம்பர் 20.