துண்டுக்கு அடியில் ஒரு விலை

ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் இரண்டு பேர் கையைக் கோத்தபடி நிற்பார்கள். கைகளின் மேல் ஒரு துண்டு கிடக்கும். வாய் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, விலை துண்டுக்கடியில் ஓடும். ஒருவர் விரலைப் பிடிப்பார், மற்றவர் கையை உதறுவார், மறுபடி பிடிப்பார். மாட்டுக்கு எத்தனை பல், சுழி எங்கே என்பதெல்லாம் சுற்றி நிற்பவர்களுக்கு அத்துபடி. விலை மட்டும் தெரியாது.

இந்தத் துண்டுக்கு வயது அதிகம். 1510இல் ரோமில் வெளியான லுடோவிகோ டி வர்தேமாவின் பயண நூலில் கோழிக்கோட்டுத் தரகர் இதே வேலையைச் செய்கிறார். விற்பவரின் கட்டைவிரலுக்கு அடுத்த இரு விரல்களைப் பிடித்துத் துணியால் மூடிக்கொள்வார். ஒரு டுகாட் பொற்காசிலிருந்து ஒரு லட்சம் வரை வாய் திறக்காமலே எண்ணிவிடுவார்களாம்.

அதே ஊரில், அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் முன்பு, கைப்பிடிக்கு வேறு பொருள் இருந்தது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் கப்பல்களோடு வந்த மா ஹுவான் எழுதுகிறார்: சரக்கின் விலையை ஒவ்வொன்றாகப் பேசுவார்கள். முடிந்ததும் எல்லோரும் வெளிப்படையாகக் கைகோப்பார்கள். அதன்பின் விலை ஏறினாலும் இறங்கினாலும் பேச்சு மாறக் கூடாது. திறந்த கை பேரத்தை முடித்தது. மூடிய கை பேரத்தை நடத்தியது.

விரல் கணக்கை விவரமாக எழுதியவர் பிரெஞ்சு ரத்தின வியாபாரி தவெர்னியே. 17ஆம் நூற்றாண்டில் தக்காணத்து வைரச் சுரங்கப் பகுதியில் விற்பவரும் வாங்குபவரும் தையல்காரர்களைப் போல எதிரெதிரே உட்கார்ந்து, இடைக்கச்சையால் கையை மூடிக்கொள்வார்களாம். முழுக் கையைப் பிடித்தால் 1,000. ஐந்து விரல் 500, ஒரு விரல் 100, நடுக்கணு வரை 50, நுனி மட்டும் 10. கண்ணும் அசையாது. கூட்டத்துக்கு நடுவே ஒரே பொட்டலம் ஐந்தாறு கை மாறும். பக்கத்தில் இருப்பவருக்கு விலை தெரியாது.

பாரசீக வளைகுடா முத்து வியாபாரிகளும் துணிக்கடியில்தான் பேசினார்கள்.

இந்த மறைவைக் கள்ளத்தனம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. முதல் மாடு போன விலை வெளியே கசிந்தால், அடுத்த மாட்டுக்காரருக்கு அதற்கு மேல் கேட்க வாய் வராது. தரகருக்கும் இதில் ஒரு சௌகரியம்: இரண்டு பக்கமும் கை பிடித்தவர் அவர் ஒருவர்தான்.

தவெர்னியேவுக்கு நூறாக இருந்த ஒற்றை விரல், இன்றைய சந்தையில் மாட்டைப் பொறுத்து ஆயிரமாகவும் இருக்கலாம். கன்றுக்குட்டியா காங்கேயம் காளையா என்று பார்த்தவருக்கு அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அச்சாரம் கைமாறியதும் துண்டு மறுபடி தோளுக்குப் போய்விடும்.