பைனும் பாஞ்சும்: குமாவுன் மலைக்காட்டின் கதை

கொடைக்கானல் போய் வந்தவர்கள் பைன் மரத்தைப் பார்த்திருப்பீர்கள். ஊசி ஊசியாக இலை. உதிர்ந்தால் தரையெல்லாம் மெத்தை விரித்த மாதிரி கிடக்கும். அங்கே அது மனிதன் நட்டு வளர்த்த மரம். இமயமலைச் சரிவில், இன்றைய உத்தராகண்டின் குமாவுன் பகுதியில், சீர் பைன் என்ற வகை தானாகவே வளர்கிறது. சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்கு மேலே போனால் அதோடு பாஞ்ச் என்கிற ஓக் மரமும் கலந்து நிற்கும்.

மலை விவசாயிக்கு இரண்டும் வேண்டும். பைன் வீட்டுக்கு உத்தரமும் பலகையும் கொடுக்கும். அதன் அடியில் புல் முளைக்கும். பாஞ்ச் தழை மாட்டுக்குத் தீவனம். உதிர்ந்த இலையைத் தொழுவத்தில் பரப்பினால் சாணியும் மூத்திரமும் ஊறி நல்ல எருவாகிவிடும். கலப்பைக்கும் அந்தக் கட்டைதான். பாஞ்ச் காட்டுக்குக் கீழே ஊற்று வற்றாது என்பார்கள் அங்கத்திய பெண்கள். குடம் சுமக்கிறவர்களுக்குத்தானே அது தெரியும்!

வெள்ளைக்காரச் சர்க்காரின் கணக்கு வேறு. நம்ம ஊர்ப் புறம்போக்கு மாதிரி அளக்காமல் கிடந்த நிலம் முழுவதையும் 1893-இல் காடு என்று அறிவித்தார்கள். 1911-லிருந்து ஆறேழு வருஷத்தில் பெரும்பகுதியை ரிசர்வ் காடாக்கினார்கள். பைன் ரயில் சிலீப்பர் கட்டைக்கு ஆகும். அதன் பிசினிலிருந்து டர்பன்டைன் இறங்கும். பாஞ்ச் சந்தையில் விலைபோகாத மரம். ஆகவே பைனுக்குத்தான் மரியாதை. தழை ஒடிக்க, மாடு மேய்க்க, புல்லுக்காகச் சருகு கொளுத்த எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு.

1921 மகர சங்கராந்தி அன்று, அதாவது நமக்குப் பொங்கல் நாளில், பாகேஸ்வரில் ஜனங்கள் திரண்டார்கள். பத்ரி தத் பாண்டே போன்றவர்கள் முன்னின்றார்கள். கூலி கொடுக்காமல் சுமை தூக்க வைக்கும் கட்டாய வேலைப் பதிவேடுகளைச் சரயு ஆற்றில் வீசினார்கள். அந்தக் கோடையில் காடு பற்றி எரிந்தது. தீ வைத்தது நல்ல காரியம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கே வைத்தார்கள் பாருங்கள்: மரம் வெட்டி, பிசின் எடுத்துக்கொண்டிருந்த பைன் காட்டில். அதே சர்க்காரின் கையிலிருந்த அகல இலைக் காட்டை யாரும் தொடவில்லை!

அதே வருஷம் குறை கேட்க ஒரு குழு போட்டார்கள். சில காடுகளில் பிடி தளர்ந்தது. 1931-இல் வன பஞ்சாயத்து விதிகள் வந்தன. புல் அறுக்க நாள் குறிப்பது, காவலாள் வைப்பது, மீறினால் அபராதம் எல்லாம் ஊராரே பார்த்துக்கொண்டார்கள். இன்று உத்தராகண்டில் 11,000-க்கும் மேற்பட்ட வன பஞ்சாயத்துகள் இருக்கின்றன. எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல முடியாது. சில வெறும் காகிதத்தோடு சரி.

காட்டைக் கலப்பாக வைத்திருப்பது சுலபமில்லை. பைனுக்குப் பட்டை தடிமன், தீயைத் தாங்கும். பாஞ்ச் கன்று கருகிவிடும். தழையையும் ஓயாமல் ஒடித்தால் மரம் மொட்டையாகி, வெயில் தரையைத் தொடும். அங்கே பைன் விதை விழுந்து முளைக்கும். சில வருஷத்தில் பைன் மட்டுமே மிஞ்சும். இதற்கு மாற்று, காட்டில் ஒரு பகுதியை ஆடு மாடும் நெருப்பும் போகாமல் அடைத்து வைப்பது. பக்கத்தில் தாய்மரம் இருந்தால் பைன் நிழலிலேயே பாஞ்ச் கன்று எழும்பி வரும். அடைத்த பகுதி தேறியதும் திறந்துவிட்டு, அடுத்ததை அடைக்க வேண்டும். அத்தனை வருஷம் பொறுப்பதற்கு ஊர் ஒற்றுமை வேண்டும்.

1973-இல் தொடங்கிய சிப்கோ இயக்கத்துக்குப் பிறகு, 1980-களின் ஆரம்பத்தில், 1,000 மீட்டருக்கு மேல் பச்சை மரம் வெட்டத் தடை வந்தது. காடு தப்பியது. ஆனால் நெருக்கமாக நிற்கிற பைனைக் களைவதற்கும் அதே தடைதான். அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. உதிர்ந்த ஊசியோ கோடையில் திரியாகக் கிடக்கிறது. 2016-லும் 2024-லும் பெருந்தீ. 2024-இல் அந்த ஊசியைக் கிலோ 50 ரூபாய்க்கு வாங்குவதாக மாநில அரசு அறிவித்தது. அங்கே அதற்குப் பெயர் பிரூல். செங்குத்தான சரிவில் அதை வாரிக் கட்டி இறக்குகிறவர்களும் பெரும்பாலும் பெண்கள்தான்.