தொட்டிலும் விகிதமும்: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை முன்வைத்துப் பெண் குழந்தைப் பாதுகாப்பு நடைமுறைகளை மதிப்பிட்ட சான்றுகளின் வரலாறு (1986–2011)

ஆய்வுச் சுருக்கம்

ஒரு நடைமுறை பயன் தந்ததா என்பதை ஆய்வுச் சான்றுகொண்டு மதிப்பிடும் வழக்கம் மருத்துவத்தில் வேரூன்றிப் பின்னர் சமூக நலத்துறைக்கும் பரவியது. தமிழகத்தில் பெண் சிசுக்கொலையைத் தடுக்க மேற்கொள்ளப்பட்ட திட்டங்கள் அவ்வழக்கத்திற்கு ஒரு சோதனைக்களமாக அமைந்தன. சேலத்தில் 1992இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2011இல் பெரம்பலூர், அரியலூர் உள்ளிட்ட மாவட்டங்களுக்கு நீட்டிக்கப்பட்டது. அந்நீட்டிப்பிற்கு அடிப்படையான சான்று, சிக்கல் உண்டு என்பதைக் காட்டியதே அன்றி அது எவ்வகைச் சிக்கல் என்பதைக் காட்டவில்லை என்று இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: குழந்தைப் பாலின விகிதம், தொட்டில் குழந்தைத் திட்டம், பெரம்பலூர், அரியலூர், பாலினத் தேர்வு, திட்ட மதிப்பீடு.

முன்னுரை

பிரித்தானிய மருத்துவர் ஆர்ச்சி காக்ரேன் 1972இல் வெளியிட்ட நூலில், வழக்கத்தில் உள்ள சிகிச்சைகளுள் பல முறையான சோதனைக்கு உட்படுத்தப்படாமலேயே தொடர்கின்றன என்று சுட்டினார். நல்ல நோக்கமும் நீண்ட வழக்கமும் பயனுக்குச் சான்றாகா என்பது அவர் வாதத்தின் சாரம். இந்நோக்கு பின்னர் கல்வி, குற்றவியல், சமூக நலம் ஆகிய துறைகளுக்கும் சென்றது. ஆனால் ஒரு துறையின் அளவுகோலை மற்றொரு துறைக்குக் கொண்டு செல்லும்போதும், ஒரு மாவட்டத்தின் தீர்வை மற்றொரு மாவட்டத்திற்குக் கொண்டு செல்லும்போதும், எது அளக்கப்படுகிறது என்ற வினா முதலில் எழ வேண்டும். அவ்வினா எழாதபோது நேர்வதைப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் நேர்வில் காணலாம்.

செய்தியிலிருந்து சான்றுக்கு

உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண் சிசுக்கொலை குறித்து ‘இந்தியா டுடே’ இதழ் 1986 ஜூனில் வெளியிட்ட அட்டைப்படக் கட்டுரை இச்சிக்கலை நாடறியச் செய்தது. இதழியல் கட்டுரை கொடுமை நிகழ்வதை உணர்த்தியது. அதன் பரவலையும் அளவையும் கூறுவது அதன் வேலையன்று.

அளவைக் கூறிய தொடக்க ஆய்வுகளுள் ஒன்று எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. வட ஆர்க்காடு பகுதியின் கே.வி.குப்பம் ஒன்றியத்தில் 12 கிராமங்களில் குழந்தைகளின் வளர்ச்சி தொடர்ந்து கண்காணிக்கப்பட்டு வந்தது. ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் அவ்வப்போதே பதிந்ததால், பிறந்த சில நாள்களில் நிகழ்ந்த பெண் குழந்தை மரணங்கள் அப்பதிவில் தனித்துத் தெரிந்தன. சாபு ஜார்ஜ், ராஜரத்தினம் ஏபல், பி.டி. மில்லர் ஆகியோர் அவற்றை 1992இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ இதழில் வெளியிட்டனர். ஒரே ஒன்றியத்துள்ளும் சில ஊர்களில் இவ்வழக்கம் இருந்ததையும் வேறு சில ஊர்களில் இல்லாததையும் அவ்வாய்வு காட்டியது. மாதந்தோறும் எடை பார்க்கும் நடைமுறை குழந்தைகளின் ஊட்டநிலையை மேம்படுத்துகிறதா என்பதைச் சோதித்த ஆய்வின் முடிவும் 1993இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. எடை பார்த்த ஊர்களும் பார்க்காத ஊர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் முன்னேறியிருந்தன. ஊட்டச்சத்துத் துறையின் நம்பிக்கையைச் சோதிக்கச் சேர்க்கப்பட்ட பதிவுகள் மக்கள்தொகையியலுக்கும் சான்று தந்தன என்பது கருதத்தக்கது.

அடுத்த கட்டம் அரசின் சொந்தப் பதிவேடுகளிலிருந்து அமைந்தது. ஷீலா ராணி சுங்கத், வி.பி. ஆத்ரேயா ஆகியோர் ஆரம்ப சுகாதார நிலையங்களின் பிறப்பு, இறப்புப் பதிவுகளைத் தொகுத்து 1997இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். கிராம சுகாதாரச் செவிலியர்கள் சில மரணங்களுக்குக் காரணமாகச் ‘சமூகக் காரணம்’ என்று குறித்திருந்தனர். அச்சொல் நிர்வாகத்தின் இடக்கரடக்கல். ஆய்வாளர் கையில் அதுவே சான்றானது. எந்தெந்தப் பகுதிகளில் பெண் சிசு மரணம் குவிந்துள்ளது என்பதை அது வரைபடமாக்க உதவியது.

மூன்று நடைமுறைகள், மூன்று அளவுகோல்கள்

இக்காலத்தில் நடைமுறைக்கு வந்த முயற்சிகளுள் மூன்று முக்கியமானவை. முதலாவது, 1992இல் சேலத்தில் தொடங்கி 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி, நாமக்கல் மாவட்டங்களுக்கு விரிந்த தொட்டில் குழந்தைத் திட்டம். வளர்க்க விரும்பாத குழந்தையைப் பெற்றோர் அரசிடம் ஒப்படைக்க அது வழி செய்தது. இரண்டாவது, பெண் குழந்தைகள் மட்டுமே உள்ள ஏழைக் குடும்பங்களுக்குக் குழந்தையின் பெயரில் வைப்புத்தொகை வழங்கும் பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டம். பெற்றோருள் ஒருவர் குடும்பநல அறுவை செய்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. மூன்றாவது, தருமபுரியில் வீதி நாடகம் வழியே நடந்த கலைப்பயணம்.

இவற்றுள் விளைவைக் கொண்டு மதிப்பிடப்பட்டது கலைப்பயணம். 1997–99 காலத்துத் தருமபுரி அனுபவத்தை ஆத்ரேயாவும் சுங்கத்தும் 2000இல் ஆய்ந்தபோது, நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையோடு நிறுத்தாமல் சுகாதார நிலையப் பதிவுகளில் பெண் சிசு மரணம் குறைந்ததா என்று பார்த்தனர். தொட்டில் திட்டமோ பெரிதும் தொட்டிலுக்கு வந்த குழந்தைகளின் எண்ணிக்கையால் பேசப்பட்டது. அவ்வெண் இருபொருள் படுவது. எண்ணிக்கை கூடினால் கொல்லப்பட்டிருக்கக்கூடிய குழந்தைகள் காப்பாற்றப்பட்டனர் எனலாம். கைவிடுதல் எளிதாகிவிட்டது என்றும் கூறலாம். எண்ணிக்கை குறைந்தால் பெற்றோர் மனம் மாறினர் எனலாம். பெண் கரு பிறக்கவே விடப்படவில்லை என்றும் கூறலாம். எதிரெதிரான இரு விளக்கங்களுக்கும் சமமாக இடந்தரும் எண்ணைக் கொண்டு ஒரு நடைமுறையை மதிப்பிட இயலாது.

இக்குழப்பத்தைத் தெளிவாக்கியவர்கள் சாரதா சீனிவாசன், அர்ஜுன் பேடி ஆகியோர். 2008இல் வெளியான தம் கட்டுரையில் அவர்கள் பிறப்புப் பாலின விகிதத்தையும் சிசு இறப்பில் காணும் பாலின வேறுபாட்டையும் தனித்தனியே அளந்தனர். முதலாவது பிறப்புக்கு முந்தைய இழப்பையும் இரண்டாவது பிந்தைய இழப்பையும் காட்டும். தமிழகத்தில் இரண்டும் நிகழ்வதாக அவர்கள் கண்டனர்.

பெரம்பலூர், அரியலூர்: 2001 முதல் 2011 வரை

1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்து, 2002இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007இல் மறுபடியும் தனி மாவட்டமானது. 1991 வரை இப்பகுதியின் எண்கள் பெரிய திருச்சி மாவட்டத்தின் சராசரிக்குள் அடங்கியிருந்தன. எனவே இதன் போக்கை மாவட்ட அளவில் 2001க்குப் பின்னரே தனித்துக் காண முடிகிறது.

இயல்பான நிலையில் 100 பெண்களுக்கு ஏறத்தாழ 105 ஆண்கள் பிறப்பர். இந்திய வழக்கில் இது 1000 ஆண்களுக்குச் சுமார் 952 பெண்கள். 2001 கணக்கெடுப்பில் ஆறு வயது வரையிலான குழந்தைகளின் பாலின விகிதம் அரியலூரில் 949, பெரம்பலூரில் 937. 2011இல் இவை முறையே 897, 913 ஆகச் சரிந்தன. கடலூரிலும் 957 என்பது 896 ஆனது. இதே பத்தாண்டில் சேலம் 851இலிருந்து 916க்கும், தருமபுரி, இன்றைய எல்லைப்படி, 826இலிருந்து 913க்கும் உயர்ந்தன. மாநில விகிதமோ 942, 943 என ஏறக்குறைய அசையாமல் நின்றது. மாநிலச் சராசரி மட்டும் கண்டவர்க்கு எதுவும் நிகழவில்லை. மாவட்ட எண்களைக் கண்டவர்க்குச் சிக்கல் மேற்கிலிருந்து கிழக்கே இடம்பெயர்ந்திருப்பது புலப்படும்.

இச்சரிவு தற்செயலன்று. மாவட்டத்தின் குழந்தைகள் அனைவரையும் எண்ணும் கணக்கெடுப்பில், 50 புள்ளி வேறுபாடு வாய்ப்பு விளையாட்டால் நேர்வது மிக அரிது. ஆயினும் இவ்விகிதம் கருவில் நேர்ந்த இழப்பையும் பிறந்தபின் நேர்ந்த இழப்பையும் ஒரே எண்ணுள் கலந்து தருகிறது.

2011 கணக்கெடுப்பிற்குப் பின் தொட்டில் குழந்தைத் திட்டம் கடலூர், அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களுக்கு நீட்டிக்கப்பட்டது. பிறந்த குழந்தையைக் காக்க உருவானது தொட்டில். கருவிலேயே பாலினம் அறிந்து அழிக்கப்பட்ட பெண் கருவை அது எட்டாது. அதைத் தடுக்க வேண்டியது 1994இல் இயற்றப்பட்டு 1996இல் நடைமுறைக்கு வந்து 2003இல் திருத்தப்பட்ட பாலினத் தேர்வுத் தடைச் சட்டம். இம்மாவட்டங்களில் முதன்மையாக வேண்டுவது தொட்டிலா, ஸ்கேன் மையக் கண்காணிப்பா என்பதைக் குழந்தைப் பாலின விகிதத்தைக் கொண்டு மட்டும் முடிவு செய்ய இயலாது. சேலத்தின் நோய்க்கு எழுதிய மருந்துச்சீட்டு, நோய் இன்னதென்று பிரித்தறியுமுன் அரியலூருக்கும் எழுதப்பட்டது எனலாம்.

மதிப்பீட்டில் மூன்று பொறிகள்

இந்நீட்டிப்பை மதிப்பிட முனைவோர் மூன்று பொறிகளைத் தவிர்க்க வேண்டும். முதலாவது, சராசரிக்குத் திரும்பும் இயல்பு. பெற்றோர், பிள்ளைகள் உயரத்தை ஆய்ந்து பிரான்சிஸ் கால்ட்டன் 1886இல் விளக்கிய உண்மை இது: மிகத் தாழ்ந்த எண்ணைக் கொண்டு தேர்ந்தெடுத்த எதுவும் அடுத்த அளவீட்டில் ஓரளவு உயர்ந்தே காணப்படும். எனவே தேர்ந்த மாவட்டங்களை, அதே போக்குடைய ஆனால் திட்டம் செல்லாத பகுதிகளோடு ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது, சிறு மாதிரி. 500 பிறப்புகளை மட்டும் கொண்ட மாதிரியில், உண்மை விகிதம் 952 ஆக இருப்பினும், வாய்ப்பு வேறுபாட்டால் மட்டுமே ஏறத்தாழ 800 முதல் 1130 வரை எவ்வெண்ணும் கிடைக்கலாம். மாதிரி ஆய்வுகளின் மாவட்ட அளவு எண்களைத் திட்டத்தின் வெற்றியாகவோ தோல்வியாகவோ படிப்பது பிழையாகும்.

மூன்றாவது, உடன்நிகழ்வு. சேலம், தருமபுரியில் தொட்டில், வைப்புத்தொகை, கலைப்பயணம், சட்ட நடவடிக்கை ஆகியவை ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்தன. அங்கு நேர்ந்த உயர்வு முழுவதையும் தொட்டிலின் கணக்கில் வரவு வைப்பதற்குச் சான்று இடந்தரவில்லை.

இப்பொறிகளைக் கடக்க வேண்டிய தரவு தொலைவில் இல்லை. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவாகும் பிறப்புகள், கருவுற்ற தாய்மாரின் பதிவு, சிசு மரணத் தணிக்கை, ஸ்கேன் மையங்கள் நிரப்ப வேண்டிய படிவங்கள் ஆகியவை ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ளன. பிறப்புப் பாலின விகிதத்தைப் பிறப்பு வரிசைப்படி பிரித்தால், முதற்குழந்தை பெண்ணாக அமைந்த குடும்பங்களில் இரண்டாம் பிறப்பு எவ்வாறு மாறுகிறது என்பது தெரியும். முதற்பிறப்பில் இயல்பாகவும் இரண்டாம் பிறப்பில் ஆண்பக்கம் சாய்ந்தும் விகிதம் அமைந்தால் அது பாலினத் தேர்வின் தடமாகும். பிறப்பு விகிதம் இயல்பாக இருந்து, பிறந்த முதல் வாரத்தில் பெண் குழந்தை மரணம் மிகுந்தால் அது தொட்டில் தேவைப்படும் இடம்.

முடிவுரை

1986 முதல் 2011 வரையான காலத்தில் தமிழகத்தின் சான்று, இதழியல் செய்தியிலிருந்து கிராம ஆய்வுக்கும், அங்கிருந்து சுகாதாரப் பதிவேட்டிற்கும், பின் பிரித்தளக்கும் விகிதங்களுக்கும் வளர்ந்தது. நடைமுறை அவ்வளர்ச்சியைப் பின்தொடரவில்லை. பிரித்தளக்கும் முறை 2008இலேயே கையில் இருந்தும், 2011இல் பிரிக்காத எண்ணைக் கொண்டே தீர்வு தேர்ந்தெடுக்கப்பட்டது. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு உரிய காலத்தில் நடைபெறாததால், அத்தீர்வை அதே அளவுகோலால் சோதிக்கும் வாய்ப்பும் தள்ளிப்போனது.

897 என்ற எண்ணின் பொருள், அரியலூரில் ஆயிரம் சிறுவருக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறுமியர் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்பதே. அவர்கள் பிறக்குமுன் இழக்கப்பட்டனரா, பிறந்தபின்னா என்பதை அறியாமல் அடுத்து வருவோரைக் காக்கும் வழியைத் தேர முடியாது. அவ்வினாவிற்கான விடை மாவட்டப் பதிவேடுகளில் உள்ளது. அவற்றைத் தொகுத்து ஆராய்வது மக்கள்தொகையியல், வரலாறு, பொதுச் சுகாதாரம் ஆகிய துறைகளின் ஆய்வாளர்கள் கூடிச் செய்யத்தக்க பணி.