குழலின் அடிப்புறத்தில் ஒரு வரலாறு

பழைய இரட்டைக்குழல் துவக்கொன்று கைக்கு வந்தால் பலரும் முதலில் நோக்குவது அதில் பொறிக்கப்பட்ட பெயரையே. நான் அப்பெயரை இறுதியாகவே படிப்பேன். தலைப்பை மட்டும் நம்பிச் செய்தியை ஏற்கலாகாது எனப் பத்திரிகைத் தொழில் கற்பித்த பாடம் இங்கும் பொருந்தும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெல்ஜியத்தின் லியேஜ் நகரிலிருந்து மலிவான துவக்குகள் பெருந்தொகையாக ஏற்றுமதியாயின. அவற்றுட் பலவற்றில் 'டபிள்யூ. றிச்சட்ஸ்' என்றிருக்கும். இங்கிலாந்தின் புகழ்பெற்ற 'வெஸ்ட்லி றிச்சட்ஸ்' நிறுவனத்தின் பெயரோடு எளிதில் மயங்கத்தக்க பெயர் அது.

தோட்டா இல்லையென உறுதிசெய்து குழல்களைக் கழற்றி அடிப்புறத்தைப் பாருங்கள். வழமையிலும் மிகுதியான மருந்திட்டு வெடித்துப் பார்த்தபின் சோதனைச்சாலையார் இட்ட முத்திரைகள் அங்கிருக்கும். நீள்வட்டத்துள் ஈ.எல்.ஜி. என்ற எழுத்துகள் இருப்பின் அது லியேஜ் முத்திரை. அதன்மேல் முடியும் இருந்தால் 1893க்கு முந்தியதன்று. இங்கிலாந்தின் முத்திரைகளோ லண்டனுக்கும், 1813இல் சட்டத்தால் நிறுவப்பட்ட பேர்மிங்ஹாம் சோதனைச்சாலைக்கும் உரியவை.

அருகிலுள்ள 12 என்ற எண் ஆண்டைக் குறிப்பதன்று. ஓர் இறாத்தல் ஈயத்தைப் 12 சம உருண்டைகளாக வார்த்தால், ஒன்றின் விட்டமே அக்குழலின் உள்விட்டம், ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர்.

தனிக் குண்டு செலுத்தலாகாது எனப் பொருள்படும் ஆங்கில வாசகம் பொறிக்கப்பட்டிருப்பின், அக்குழல் 1875க்கும் 1887க்கும் இடையில் சோதிக்கப்பட்டது. 'நைட்ரோ' என்ற சொல் இருந்தால், அச்சோதனை 1896க்கு முந்தியதாகாது. எனினும் பழைய துவக்கைப் பிற்காலத்தில் மறுசோதனை செய்வதும் உண்டு. ஆகவே ஒரே முத்திரையைக் கொண்டு முடிவுகட்டலாகாது.

பொறியமைப்பும் சான்று தரும். வெளியே குதிரை தெரியாத, அன்சன் - டீலி வகைப் பொறி 1875இல் காப்புரிமை பெற்றது. அவ்வகைத் துவக்கு அதற்கு முந்தியதாக இருக்கவியலாது. ஆயின் வெளிக்குதிரை உடையவை யாவும் அதனினும் பழையன என்று கொள்வது தவறு. அவை அதன் பின்னரும் நெடுங்காலம் செய்யப்பட்டன.

இவ்வாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கன்று. இரும்பையும் உருக்கையும் முறுக்கி இணைத்த அழகிய டமாஸ்கஸ் குழல்கள் பல, கரிமருந்துக்கென்றே சோதிக்கப்பட்டவை. இக்காலத் தோட்டாவை இட்டால் அவை வெடித்துச் சிதறக்கூடும். நல்ல முத்திரை இருந்தாலும், நூறாண்டுத் துருவும் தேய்வும் குழற்சுவரை மெலியச் செய்திருக்கலாம்; தேர்ந்த துவக்குத் திருத்துநர் அளந்து பாராமல் சுடலாகாது. பெயரை நம்பி ஏமாந்தால் போவது பணம். முத்திரையைப் படியாது சுட்டால் போவது கை.