குதிரைக்கு கேரட் கொடுத்து பழக்குவது எப்படி? தீனியை விட 'டைமிங்' ஏன் முக்கியம்?

புதுச்சேரியை ஒட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது கோட்டக்குப்பம். அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், ஆரோவிலில் ரெட் எர்த் ரைடிங் ஸ்கூல் என்ற குதிரையேற்றப் பள்ளி உள்ளது. குதிரையைப் பக்கத்தில் பார்த்தாலே ஒரு கேரட் கொடுக்கணும்னு பலருக்கும் கை பரபரக்கும். ஆனால், அதே கேரட் குதிரைக்கு நல்ல பழக்கத்தையும் கற்றுத்தரும், கடிக்கவும் கற்றுத்தரும். எப்படி? பார்க்கலாம்.

பழக்குவதில் இரண்டு வழிகள்

வழக்கமான முறையில் கடிவாளத்தை இழுப்பார்கள், காலால் விலாவை அழுத்துவார்கள். குதிரை சொன்னதைச் செய்ததும் அந்த அழுத்தம் விலகும். தொல்லை நீங்குவதுதான் அதற்குக் கிடைக்கும் பலன்.

இன்னொரு வழி 'பாசிட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்'. சரியாகச் செய்தால் பிடித்த தீனி கிடைக்கும். தவறினால் அடி கிடையாது. தீனி வராது, அவ்வளவுதான்.

'க்ளிக்' சத்தம் எதற்கு?

லாடம் அடிக்க குதிரை காலைத் தூக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பையில் இருந்து கேரட்டை எடுப்பதற்குள் அது காலை இறக்கிவிட்டு, பையை முகர ஆரம்பித்துவிடும். அப்போது கொடுத்தால், பையை முகர்ந்ததற்குத்தான் பரிசு என்று புரிந்துகொள்ளும்.

அதனால்தான் கால் தூக்கிய அந்த நொடியிலேயே 'க்ளிக்' சத்தம் கொடுத்து, அடுத்து தீனி தருகிறார்கள். நாக்கால் சொடுக்கினாலும் போதும். சத்தம் எப்போதும் ஒரே மாதிரி இருக்கணும்.

கயிறு கட்டி இழுக்க முடியாத டால்பின்களை விசில் ஊதியும் மீன் கொடுத்தும் பழக்கியதில் இருந்து பரவிய முறை இது. 1960களில் ஹவாயில் டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரையர், 1984ல் வெளியான 'டோன்ட் ஷூட் தி டாக்' புத்தகம் மூலம் இதைப் பிரபலமாக்கினார்.

முதல் பாடம் என்ன?

* வேலிக்கு வெளியே நில்லுங்கள். குதிரை உங்கள் பையைத் தேடினால் கண்டுகொள்ள வேண்டாம். முகத்தை விலக்கியதும் க்ளிக், பிறகு தீனி.

* அடுத்து, ஒரு குச்சியின் நுனியை மூக்கால் தொட வைக்கலாம். தொட்டதும் க்ளிக், தீனி.

* இது பழகிய பிறகு குளம்பு தூக்குவது, ஊசிக்கு அசையாமல் நிற்பது, வண்டியில் ஏறுவது என ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.

* பட்டினி போட்டு பழக்கக் கூடாது. பசித்த குதிரை தீனிக்குப் பாயுமே தவிர, பாடம் கற்காது.

கடிப்பது ஏன்?

பையை முட்டினால் கேரட், சட்டையை இழுத்தால் கேரட் என்று கொடுத்தால், முட்டுவதும் இழுப்பதும்தான் பாடமாகிவிடும். இன்னொரு காரணமும் உண்டு. தன் மூக்குக்கு நேர் கீழே இருப்பது குதிரைக்குத் தெரியாது. உதட்டால் தடவித்தான் எடுக்கும். அதனால் உள்ளங்கையை தட்டையாக விரித்து, விரல்களை ஒட்டி வைத்துக் கொடுக்கணும். சின்னக் குழந்தைகள் என்றால் பாத்திரத்தில் கொடுப்பதே பாதுகாப்பு.

எவ்வளவு கொடுக்கலாம்?

கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க மேயும் விலங்கு குதிரை. வயிறு சிறியது, வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. கேரட்டை வட்டமாக வெட்டாமல், தொண்டையில் அடைக்காதபடி நீளவாக்கில் மெல்லியதாக வெட்டணும். ஊறவைத்த கொள்ளு கொடுத்தால், அதை அன்றாடத் தீனியின் அளவிலேயே கழித்துக்கொள்ள வேண்டும். தானியம் அதிகமானால் கடும் வயிற்றுவலியும் குளம்பு அழற்சியும் வரலாம். உரிமையாளரைக் கேட்காமல் எதையும் ஊட்டாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1960ம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி, விலங்கை அடித்துத் துன்புறுத்துவது குற்றம். முள் வைத்த கடிவாளத்தை 1965ம் ஆண்டு விதிகள் தடை செய்கின்றன.

பயத்தில் நிற்கும் குதிரை, பயம் அதிகமானால் ஓடிவிடும். அப்போது ஆபத்து, முதுகில் உட்கார்ந்திருப்பவருக்கும்தான்.